இறக்கைக்கு அருகில் ஜெட் இரைச்சல்: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இந்த மாதம் தனித்தனியாக வந்து ஒரே மாதிரி கிராஃபைக் காட்டினார்கள். எஞ்சினிலிருந்து பீறிடும் ஜெட் இறக்கைக்கு அருகில் ஓடும்போது எழும் இரைச்சலைக் கணினியில் கணக்கிட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு என்று வரைந்தது அது. பதினோரு வருடங்களுக்கு முன் நான் வரைந்ததும் இதே கிராஃப்தான். குறைந்த அதிர்வெண்ணில் காளையின் திமில் போல ஒரு மேடு. "இறக்கையின் விளைவு கிடைத்துவிட்டது" என்று இருவருக்கும் சந்தோஷம். இரண்டு மேடுகளும் பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெஷ் (இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) நெருக்கமாக இருக்க வேண்டும், டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் நகரும் நேர அளவு) சிறியதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகத்தைத் தவறாகத் தேர்வது

தனி ஜெட்டின் ஒலித்திறன் ஏறத்தாழ வேகத்தின் 8-வது அடுக்கில் ஏறும் என்பது கணிதவியலாளர் லைட்ஹில் 1952-ல் தந்த கோட்பாட்டிலிருந்து வருவது. பக்கத்தில் இறக்கையின் கூரிய பின்விளிம்பு இருந்தால் கதை மாறுகிறது. ஜெட்டின் சுழல்களோடு வரும் அழுத்தம் அந்த விளிம்பில் பட்டுச் சிதறி ஒலியாகிறது. இந்த ஒலி 5-வது அடுக்கில்தான் ஏறும் என்று 1970-ல் ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாலும் காட்டினார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஜெட்டின் சொந்த இரைச்சல் 24 டெசிபல் குறையும், விளிம்பின் இரைச்சல் 15 டெசிபல்தான் குறையும். அதாவது மெதுவான ஜெட்டில்தான் விளிம்பு தெளிவாகக் கேட்கும். முதல் முயற்சியையே மாக் 0.9-ல் (ஒலியின் வேகத்தில் 0.9 பங்கு) ஓட்டிவிட்டு, இறக்கைக்குப் பதிலாகத் தட்டு வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். மாக் 0.5 பக்கம் தொடங்குங்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் உள்ள நாசா கிளென் ஆய்வு மையத்தில், சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள நாசிலின் (ஜெட் வெளிவரும் குழாய் முனை) பக்கத்தில் சமதளத் தட்டை வெவ்வேறு இடங்களில் வைத்து அளந்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல தொடக்கம்.

பின்முனை மூடி

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். தூரத்து மைக் வரைக்கும் மெஷ் போட நம்மால் முடியாது. அதனால் ஜெட்டைச் சுற்றி ஒரு கற்பனைக் கூம்பை வரைந்து, அதன் மேல் அழுத்தம், வேகம், அடர்த்தி மூன்றையும் பதிவு செய்கிறோம். 1969-ல் வந்த ஃபோக்ஸ் வில்லியம்ஸ்–ஹாக்கிங்ஸ் சமன்பாட்டை வைத்து அங்கிருந்து தூரத்து ஒலியைக் கணக்கிடுகிறோம். ஜெட் வெளியேறும் பின்முனையில்தான் சிக்கல். அங்கே கூம்புக்கு மூடி போட்டால் சுழல்கள் அந்த மூடியைக் கிழித்துக்கொண்டு போகும். கூம்புக்கு வெளியே உள்ள ஓட்டத்தின் பங்கை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், கடந்து போகிற சுழல் ஒவ்வொன்றும் ஒலியாகவே பதிவாகிவிடும். சரி, மூடியே வேண்டாம் என்று திறந்து விட்டால் வேறு விதமான பிழை வரும்.

இந்தப் பொய் ஒலி குறைந்த அதிர்வெண்ணில் வருகிறது. பின்விளிம்பின் நிஜமான ஒலியும் அங்கேதான் வருகிறது. ஆள் ஏமாறுவது இதனால்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன் என் தட்டு ஜெட்டின் அச்சிலிருந்து ஒரு நாசில் விட்டம் தள்ளி இருந்தது. அளவீட்டோடு மேடு 2 டெசிபலுக்குள் பொருந்தியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்புறம் தட்டை இரண்டு விட்டத்துக்கு நகர்த்தி ஓட்டினேன். மேடு அசையவில்லை. ஜெட்டுக்கு வெளியே சுழல்களின் அழுத்தம் மிக வேகமாகத் தேய்ந்துவிடும், அதனால் தட்டு விலக விலக மேடு இறங்கியே ஆக வேண்டும். கடைசியில் தட்டையே எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் மேடு அங்கேயே இருந்தது.

பிழை தெரிந்த பிறகும் சரிசெய்ய வழியில்லை. மூடியின் தரவு சிமுலேஷன் ஓடும்போதே பதிவாக வேண்டியது. நான் ஒரே ஒரு மூடியைத்தான் பதிவு செய்திருந்தேன். மூன்று வாரக் கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் கணினிகள்) நேரத்தை முதலிலிருந்து திரும்பச் செலவழித்தோம்.

அதனால் ஓடத் தொடங்கும் முன்பே, வெவ்வேறு தூரங்களில் பல மூடிகளை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒலியைக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். ஒரு சுழல் ஒவ்வொரு மூடியையும் வெவ்வேறு நேரத்தில் கடக்கிறது, அதனால் பொய்ப் பகுதிகள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நிஜ ஒலி எல்லாவற்றிலும் ஒன்றாகவே நிற்கும். அதே கூம்போடு தனி ஜெட்டையும் கட்டாயம் ஓட்டுங்கள். நேரமில்லை என்று இதை விடுகிறவர்களிடம் நான் கறாராகவே இருக்கிறேன்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. தட்டுக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக், இரண்டும் அச்சுக்குச் செங்குத்தாக. விளிம்பில் சிதறிய ஒலி என்றால், குறைந்த அதிர்வெண்ணில் ஒன்றில் அழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். அந்த எதிரெதிர் ஆட்டம் தெரியவில்லை என்றால் மேட்டை நம்பாதீர்கள்.

தனி ஜெட்டுக்கு வரைந்த கூம்பை அப்படியே தட்டோடு பயன்படுத்துவதும் ஆபத்து. தட்டு நெருக்கமாக இருந்தால் ஜெட் அதன் பக்கம் சாயும். சுழல்கள் கூம்பின் பக்கச் சுவரையே வெட்டத் தொடங்கும்.

இரட்டைக் கணக்கு

தட்டு கூம்புக்குள் இருந்தால் அதன் ஒலி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தட்டின் மேற்பரப்பு அழுத்தத்திலிருந்து தனியாக ஒலி எடுத்துக் கூட்டாதீர்கள். தட்டின் பாதி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாதியைக் கணக்கு அறியவே அறியாது.

நாசிலுக்குள் அமைதியான எல்லைப்படலம்

நாசிலின் சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய படலம்தான் எல்லைப்படலம். அதில் கொந்தளிப்பு இல்லையென்றால், வெளியே வந்ததும் ஒழுங்கான சுழல்களாகச் சுருண்டு, அவை ஜோடி சேரும்போது கூடுதல் இரைச்சல் எழும். ஆய்வகத்து நாசிலில் படலம் கொந்தளிப்பாக இருந்தது என்றால் உங்களுடையதும் அப்படித்தான் வெளியேற வேண்டும்.

குறைந்த நேரம் ஓட்டுவது

அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி ஜெட் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரூஹால் எண். அது 0.2 என்றால், ஓர் அலைக்கு ஆகும் நேரத்தில் ஜெட் 5 விட்டம் போய்விடும். ஜெட் 100 விட்டம் போகும் நேரம் மட்டும் பதிவு செய்தால் கையில் இருப்பது 20 அலைகள். அதை வைத்து 1 டெசிபல் வித்தியாசம் பேச முடியாது.

மெஷ்ஷின் எல்லை

ஒலியை உறிஞ்சும் பகுதி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

வளைவுகளை ஒப்பிடுவது

மூன்றிலொரு ஆக்டேவ் வளைவை (அதிர்வெண்களைப் பட்டை பட்டையாகச் சேர்த்து வரைந்தது), ஒரு ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்று வரைந்த வளைவின் மேல் போடாதீர்கள்.