நாயும் பூனையும் ஒரே வீட்டுக்குக் குடிவந்தால்: முதல் சில வாரங்கள்

இரண்டு குடும்பம் ஒன்றாகும்போது மனிதர்கள் பேசி ஒத்துப்போய்விடுகிறோம். கூடவே வரும் நாயையும் பூனையையும்தான் யாரும் சம்மதம் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் நாளே பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாயிடம் காட்டினேன். மூன்று நொடிதான். என் தோளில் நான்கு நகக்கீறல், பூனை அலமாரிக்குப் பின்னால். அது மறுநாள்தான் வெளியே வந்தது. ஆகவே, கையில் வைத்துக்கொண்டு அறிமுகம் செய்யவே செய்யாதீர்கள்.

1. பூனைக்கு ஒரு தனி அறை

சாமான் இறக்குவதற்கு முன்பே இது தயாராக இருக்கட்டும். தண்ணீர், சாப்பாடு, மலம் கழிக்க ஒரு மணல் தட்டு, நகம் கீற ஒரு கட்டை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. சாப்பாட்டுக் கிண்ணமும் மணல் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். புது இடத்தில் பூனை சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பட்டினி தொடர்ந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

2. முதலில் வாசனை

பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. மெல்லிய துணியால் அங்கே தடவி, அதை நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள். நாயின் பழைய போர்வை பூனையின் அறைக்குப் போகட்டும். பூனை சீறினால் பரவாயில்லை, போர்வையை ஓரமாகத் தள்ளி வையுங்கள். அப்புறம், மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்து, கிண்ணங்களை நாளுக்கு நாள் கதவுக்கு நெருக்கமாக நகர்த்துங்கள். நாயை வெளியே நடக்கக் கூட்டிப்போயிருக்கும் நேரத்தில் பூனை வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.

3. தடுப்புக்கு அந்தப் பக்கம்

இரண்டும் கதவருகே நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகே இந்தப் படி. குழந்தைகளுக்காக மாட்டும் தடுப்புக் கதவு போதும். நாயை நன்றாக நடக்க வைத்துக் களைப்பாக்கி, லீஷ் (கையில் பிடிக்கும் நாய்க் கயிறு) மாட்டி, எட்டத்தில் நிறுத்துங்கள். அது பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் அந்த நொடியில் ஒரு தின்பண்டம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

எல்லோரும் குரைப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம், சத்தமே இல்லாமல் நிற்கும் நாயிடம். உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை பூனை மேலேயே குத்தி நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அது இரையைப் பார்க்கும் பார்வை. உடனே தூரத்தைக் கூட்டுங்கள். அடிக்கடி இப்படி நடந்தால் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரின் உதவி தேவை.

வால் விஷயத்தில் இரண்டுக்கும் மொழியே வேறு. பூனை வாலை விசுக் விசுக்கென்று அடித்தால் எரிச்சலில் இருக்கிறது. நாய் வாலாட்டுவதும் எப்போதும் நட்பு ஆகிவிடாது, படபடப்பிலும் ஆட்டும். முன்னங்காலைத் தாழ்த்தி "வா, விளையாடலாம்" என்று நாய் கூப்பிடுவதைப் பாயப் போகிறது என்றே பூனை எடுத்துக்கொள்ளும்.

4. தடுப்பு இல்லாமல்

லீஷ் இன்னும் உங்கள் கையில். ஏறி உட்கார உயரமான இடம், ஓடிப்போக ஒரு வழி, இரண்டும் பூனைக்கு இருக்க வேண்டும். எப்போது நெருங்குவது என்பதைப் பூனையே முடிவு செய்யட்டும். ஒருமுறை துரத்தி ருசி கண்ட நாயைத் திருத்துவது பெரும்பாடு, அதனால் அந்த முதல் துரத்தல் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. ஏதாவது கெட்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

மணல் தட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பூனையின் கழிவை நாய் தின்னப் பார்க்கும் என்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும், சில ஜோடிகளுக்கு மாதங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் ஒரே சோபாவில் தூங்குகின்றன. ஆனாலும் வெளியே கிளம்பும்போது நடுக்கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறேன்.