பேட்டரி கொதிக்கிறதென்று ரெகுலேட்டரைக் கழற்றுவதற்கு முன்

பழைய தோட்ட டிராக்டரின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மூடிகளைச் சுற்றி ஈரம். பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறது. இதைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது, பேட்டரிக்குப் போகும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் புதிதாக வாங்குவதுதான். நானும் வாங்கினேன், ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதை மாட்டியும் நாற்றம் போகாததால்தான் பேட்டரியைச் சோதிக்கும் புத்தி வந்தது. ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தது. கழற்றிய ரெகுலேட்டர்கள் இரண்டும் எந்தக் குற்றமும் செய்யாதவை; இன்றும் அலமாரியில் கிடக்கின்றன.

முதல் தவறு: பேட்டரியை விசாரிக்காமல் விடுவது

12 வோல்ட் பேட்டரி என்பது வரிசையாக இணைத்த ஆறு செல்கள். முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதாவது செல்லுக்கு 2.1. ஒரு செல் ஷார்ட் ஆனால் மிஞ்சுவது 10.5. ரெகுலேட்டருக்கு இந்தக் கதை தெரியாது. அதற்குத் தெரிவது மொத்த வோல்ட்டேஜ் மட்டும்தான். 14.4 வோல்ட் வரும்வரை மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆறு செல் பகிர வேண்டியதை ஐந்து செல் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.9 வோல்ட் அளவுக்குப் போகும். 2.4 வோல்ட்டிலேயே நன்றாக வாயு கிளம்பத் தொடங்கிவிடும் என்பதால், அந்த ஐந்தும் கொதிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். மூடி திறக்கும் வகையானால், அமில நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் தேவை. நல்ல செல் 1.265 அளவில் நிற்கும். செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.050-ஐத் தாண்டினால் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு வேறெதையும் சோதிப்பதில் பொருளில்லை.

நீர்மட்டமும் ஒரு சாட்சி. ஆறு செல்லிலும் நீர் ஒரே சீராக இறங்கியிருந்தால் சந்தேகம் சார்ஜிங் பக்கம் போக வேண்டும். ஏறுமாறாக இருந்தால் பேட்டரியின் பக்கம்.

மீட்டர் சொல்வதை அப்படியே நம்புவது

மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டருக்குள் இருக்கும் சிறு பேட்டரி இறங்கிப்போனால் அது பல வேளைகளில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 14.2 இருக்கும் இடத்தில் 16 என்று காட்டி நம்மை அலைக்கழிக்கும். இன்னொரு சிக்கல், ஸ்பார்க் பிளக்கின் மின்னிரைச்சல். எஞ்சின் ஓடும்போது எண்கள் தாறுமாறாகக் குதித்தால் அது சார்ஜிங் கோளாறாக இல்லாமலே இருக்கலாம். மீட்டரை எஞ்சினிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள், அல்லது பழைய முள் மீட்டர் ஒன்றைத் தேடி எடுங்கள். இந்த வேலைக்கு முள் மீட்டரே எனக்குப் பிடித்தமானது, அது பதற்றப்படாது.

அளக்கும் இடம் பேட்டரியின் முனைகள்தான். வயர் கிளாம்ப் அல்ல, ஈயக் குமிழ். எஞ்சின் வேலை செய்யும் வேகத்தில் ஓட வேண்டும். பேட்டரி நிறைந்த நிலையில் 13.8 முதல் 14.7 வரை நின்றால் கவலை இல்லை. 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் மிகைச் சார்ஜ். வெயிலில் சூடேறிய பேட்டரிக்கு இன்னும் குறைவாகவே தேவை: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏற்ற வேண்டிய வோல்ட்டேஜ் 0.2 முதல் 0.3 வரை குறையும்.

டாஷ்போர்டில் அம்மீட்டர் (பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில், ஸ்டார்ட் செய்த உடனே முள் வலப்பக்கம் பாய்வதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அது இயல்பு. ஸ்டார்ட்டர் 3 விநாடி 150 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியரில் அதைத் திரும்ப நிரப்ப ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் கழித்தும் முள் அங்கேயே நின்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எந்த வகைச் சார்ஜிங் என்று தெரியாமல் கை வைப்பது

பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான். பழைய தோட்ட டிராக்டர்களில் முக்கியமாக மூன்று ஏற்பாடுகளைக் காணலாம். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

1960-களின் கப் கேடட் போன்ற வண்டிகளில் கோலர் கே வரிசை எஞ்சினோடு டெல்கோ-ரெமி ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் வந்தது. பெல்ட்டில் சுற்றும் ஒரே இயந்திரம். ஸ்டார்ட்டரும் அதுவே, டைனமோவும் அதுவே. இதனுள் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருள் ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகும். அந்த எர்த்தை விட்டுவிட்டுக் கொடுப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. ஃபீல்டு வயர் எங்காவது உரசி, காப்பு தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால் ரெகுலேட்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான். ஜெனரேட்டர் முழுத் திறனில் பொழியும். ரெகுலேட்டருக்குள் தொட்டு விலகும் உலோக முனைகளான பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டாலும் இதே விளைவு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எஞ்சினை நிறுத்தி, ஜெனரேட்டரில் எஃப் என்று குறித்த முனையிலிருந்து வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சார்ஜ் ஏறினால் கோளாறு ஜெனரேட்டருக்குள்ளேயே. நின்றுவிட்டால் அந்த முனையை மாட்டிவிட்டு, அதே வயரை ரெகுலேட்டர் முனையில் கழற்றிப் பாருங்கள். இப்போது மீண்டும் பொழிந்தால் குற்றவாளி நடுவில் ஓடும் வயர். பொழியாவிட்டால்தான் ரெகுலேட்டர். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கை வளைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சரிப்படுத்தலை ரெகுலேட்டர் சூடான பிறகு, மூடியைப் போட்டே அளந்து செய்ய வேண்டும். குளிர்ந்த நிலையில் வளைத்தது சூடானதும் வேறு எண்ணைத்தான் காட்டும். பாயிண்டுகளை எமரித் தாளால் தேய்ப்பதும் கூடாது. துகள் பாயிண்டில் பதிந்து, அடுத்த கோளாறுக்கு விதை போடும். மெல்லிய பாயிண்ட் அரமே போதும்.

இரண்டாவது வகை, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் ஸ்டேட்டர் எனும் அசையாத சுருளும், வெளியே துடுப்புகள் கொண்ட சிறு அலுமினியப் பெட்டியாக, ஏசியை டிசியாக்கி அளவோடு அனுப்பும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரும். பெரும்பாலும் அதில் மூன்று முனைகள்: ஓரங்களில் ஸ்டேட்டரிலிருந்து வரும் இரண்டு ஏசி (மாறுதிசை மின்சார) வயர்கள், நடுவில் பேட்டரிக்குப் போவது. இங்கே நடக்கும் பெருந்தவறு, மிகைச் சார்ஜுக்கு ஸ்டேட்டரைச் சந்தேகித்து ஃப்ளைவீலைக் கழற்றுவது. இதில் இருப்பது வலிமை மாறாத நிலைக்காந்தம். ஸ்டேட்டர் கெட்டால் சார்ஜ் குறையும், கூடாது. பேட்டரியும் மீட்டரும் நிரபராதிகள் என்று ஆன பிறகு, மூன்று முனை வகையில் மிஞ்சுவது ரெகுலேட்டர்தான். சில வண்டிகளில் பேட்டரி அளவை உணர்வதற்கென்று சாவி ஸ்விட்ச் வழியாகத் தனி வயர் ஒன்று வரும். அந்த வழியில் துருப்பிடித்த இணைப்பு இருந்தால் ரெகுலேட்டருக்குப் போய்ச் சேரும் எண் குறைவாக இருக்கும். அது கூடுதலாகத் தள்ளும். அந்த முனைக்கும் பேட்டரிக்கும் இடையே வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் சுத்தம் செய்ய வேண்டியவை சாவியும் இணைப்புகளும்.

மூன்றாவது வகையில் ரெகுலேட்டரே கிடையாது. வயரில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று மட்டும். முழு வேகத்தில் சுமார் 3 ஆம்பியர். இல்லாத ரெகுலேட்டரை வண்டி முழுக்கத் தேடியவர்களை அறிவேன். நிறைந்த பேட்டரியோடு மணிக்கணக்கில் ஓடினால் இதில் வோல்ட்டேஜ் ஏறத்தான் செய்யும். பேட்டரியின் தகடுகள் சல்ஃபேட் படிந்து முதுமை அடைந்திருந்தால் இன்னும் விரைவாக ஏறும். அவ்வப்போது நீர்மட்டம் பார்ப்பதே இதற்கான பராமரிப்பு. நீர் ஊற்ற வழியில்லாத சிறிய சீல் பேட்டரியை இதில் பொருத்துவது அறிவுடைமை அல்ல.

எர்த் பற்றி ஒரு பாதி உண்மை

"எர்த் சரியில்லை, அதனால்தான் கொதிக்கிறது" என்று எல்லா வண்டிக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஃபீல்டு மின்சாரம் ரெகுலேட்டர் உடல் வழியாக இறங்கும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் வகையில் இதில் உண்மை உண்டு. துருப்பிடித்த அடிப்பாகம் அளவைக் குறைத்துக் காட்டி, சார்ஜைக் கூட்டும். ஃப்ளைவீல் வகையிலோ மின்சாரத்தின் திசையே வேறு. அங்கே எர்த் கெட்டால் பேட்டரி பட்டினி கிடக்கும். எந்த வகையானாலும் ரெகுலேட்டர் அமரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளப்பாக்கி மாட்டுங்கள். ஆனால் கொதிப்புக்கு அதுவே காரணம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்குவது

வேண்டவே வேண்டாம். ஃப்ளைவீல் வகையில் பேட்டரிதான் வோல்ட்டேஜை அடக்கி வைத்திருக்கிறது. வயரை எடுத்த கணமே அது தாவும்; பல்புகளும் ரெகுலேட்டரும் போகலாம். அதைவிட முக்கியம், கொதிக்கும் பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. ஒரு பொறி போதும். எஞ்சினை நிறுத்தி, பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, வாயு கலைந்து பேட்டரி ஆறிய பிறகே தொடுங்கள். கழற்றும்போது எர்த் முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். கண்ணாடி அணியுங்கள்.

குறைந்த நீருக்கு அமிலம் ஊற்றுவது

கொதித்துப் போனது நீர்தான். அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் அமிலம் ஊற்றினால் அடர்த்தி ஏறித் தகடுகளை அரிக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது. தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏற்றிய பிறகு மீதியை நிரப்புங்கள். முன்பே விளிம்புவரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

பெரிய பேட்டரி வைத்தால் தாங்கும், முகப்பு விளக்கை எரியவிட்டால் குறையும் என்ற யோசனைகளும் உலவுகின்றன. இரண்டும் கோளாறைப் போர்வையால் மூடுவதே.

ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிட்டேன். கொட்டகையில் வண்டியை நிறுத்தும்போது பழைய சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் உண்டா? தானாக நிற்கத் தெரியாத சார்ஜர், வாரக் கணக்கில் மாட்டியே கிடந்தால், டிராக்டர் அசையாமல் நிற்கும்போதே பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். முதலில் அதைப் பிடுங்கிவிட்டு, இரண்டு வாரம் வண்டியை வழக்கம்போல ஓட்டி, நீர்மட்டத்தைப் பாருங்கள்.