மீத்திறன் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கண்டறிதல்: அரசு நிதியை எப்படிச் செலவிடுவது, யாரையும் விடாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது

மீத்திறன் மாணவர்களுக்கான, அதாவது வயதை மிஞ்சிய திறமை உள்ள பிள்ளைகளுக்கான, சிறப்பு வகுப்புக்கு அரசு நிதி வந்ததும் ஆசிரியர், கருவிகள், நூல்கள் என்று பட்டியல் போடுவார்கள். பிள்ளைகளைக் கண்டறியும் செலவு கடைசி வரியில், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற கணக்கில் நிற்கும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்த வரியில் பணம் இல்லாவிட்டால், "ஆசிரியர் பரிந்துரைக்கட்டும், பெற்றோர் விண்ணப்பிக்கட்டும்" என்ற செலவில்லாத வழிதான் மிஞ்சும். விண்ணப்பிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே இடங்களை நிரப்புவார்கள். எனவே நிதித் திட்டத்தின் முதல் வரி கண்டறிதலாக இருக்கட்டும்.

வகுப்பு முதலில், சோதனை பிறகு

என்ன கற்றுத்தரப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுச் சோதனையைத் தேடுங்கள். கணக்கில் வேகமான பாடம் என்றால் கணக்கு அடைவுத்தேர்வுதான் (பாடத்தில் எவ்வளவு கற்றிருக்கிறார் என்று பார்க்கும் தேர்வு) முக்கியச் சான்று. அந்த வகுப்புக்குச் சொல்வளச் சோதனையை வைத்தால், வீட்டில் வேறு மொழி பேசும் கணக்குப் புலிகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

எல்லோருக்கும் சோதனை

2 அல்லது 3ஆம் வகுப்பில் இருக்கும் அத்தனை பேரையும், பள்ளி நேரத்திலேயே, கட்டணமும் விண்ணப்பமும் இல்லாமல் சோதியுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டம் 2005இல் 2ஆம் வகுப்பில் இதைத் தொடங்கியது. ஐக்யூ (நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்) கட்-ஆஃபை, அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணை, தளர்த்தவில்லை. எல்லோருக்கும் முதல்கட்டச் சோதனை வைத்தது, அவ்வளவுதான். மீத்திறன் பட்டியலில் ஏழை மாணவர்களும் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களும் வெகுவாகக் கூடினார்கள். பரிந்துரை முறையில் அவர்கள் யார் கண்ணிலும் படாமலே இருந்தார்கள் என்று பொருள். பிறகு பட்ஜெட் வெட்டில் சோதனை நின்றது. கிடைத்த முன்னேற்றமும் கரைந்துபோனது.

ஆசிரியர் பரிந்துரையை முதல் வாசலாக வைப்பதன் ஆபத்து பழைய செய்தி. 1921இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மீத்திறன் பிள்ளைகளைப் பற்றிக் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆய்வில் யாரைச் சோதிப்பது என்பதைப் பெரும்பாலும் ஆசிரியர்களே குறித்துக் கொடுத்தார்கள். சோதனைக்கு வந்து கட்-ஆஃபைத் தொடாமல் திரும்பியவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். பரிந்துரை, சோதனை என்ற இரண்டு வாசலிலும் பிள்ளைகள் தவறுகிறார்கள். ஆகவே ஆசிரியரின் கருத்து ஒரு பிள்ளையைப் பட்டியலில் சேர்க்கப் பயன்படட்டும்; நீக்க ஒருபோதும் பயன்படக் கூடாது.

செலவைக் கணக்கிடுவோம். 1,000 பிள்ளைகள், குழுவுக்கு 40 பேர் என்றால் 25 அமர்வு. விளக்கமும் மாதிரிக் கேள்விகளும் சேர்த்து ஓர் அமர்வு 1 மணி 15 நிமிடம், இரண்டு கண்காணிப்பாளர்கள். மொத்தம் சுமார் 63 மணி நேர உழைப்பு. அன்று வராதவர்களுக்கு இரண்டு அமர்வு கூடுதலாக ஒதுக்குங்கள். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் ஏற்கெனவே பின்தள்ளப்பட்டவர்கள். உளவியலாளர் நடத்தும் தனிநபர் சோதனைக்கு, அறிக்கை எழுதுவதோடு சேர்த்து ஒரு பிள்ளைக்கு 4 மணி நேரம் வைத்தால் 1,000 பேருக்கு 4,000 மணி நேரம். எந்த நிதியும் அதைத் தாங்காது. அதனால்தான் இரண்டு கட்டம்: குழுச் சோதனையில் மேலே வரும் 200 பேரை இரண்டாம் கட்டத்துக்கு அனுப்புங்கள்; தனிநபர் சோதனை எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கும் குறைபாடு உள்ளவர்களுக்கும் மட்டும். 40 பேர் என்றால் 160 மணி நேரத்தில் முடியும். இறுதியில் 80 இடம்தான் என்றாலும் முதல் கட்டத்தில் 200 பேரைத் தாராளமாக விடுங்கள். அங்கே விடுபட்ட பிள்ளைக்கு வேறு வாய்ப்பு இல்லை.

சோதனை வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஒப்பீட்டு அட்டவணை (ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட உதவும் பட்டியல்) எந்த ஆண்டில் தயாரானது? பல நாடுகளில் ஐக்யூ மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி உயர்ந்துவந்திருக்கிறது. பழைய அட்டவணை மதிப்பெண்ணை ஊதிக்காட்டும். ஒப்பீடு வயதை வைத்தா, வகுப்பை வைத்தா? வகுப்பை வைத்தால், அதே வகுப்பில் 11 மாதம் இளைய பிள்ளை வீணாகத் தோற்கும். நம்பகத்தன்மை (அதே பிள்ளை மறுபடி எழுதினால் மதிப்பெண் எந்த அளவு மாறாமல் இருக்கும் என்பது; 1 என்றால் முழுமை) எவ்வளவு? இது கீழே தேவைப்படும். படங்களை மட்டும் வைத்த சோதனை மொழித் தடையைக் குறைக்கும். ஆனால் அப்படிப்பட்ட புதிர்களைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அதுவும் அந்நியம். எனவே முந்தைய நாள் எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்துச் செய்துகாட்டுங்கள்.

மதிப்பெண்களை எப்படிச் சேர்ப்பது

பெரும்பாலான அநியாயம் நடப்பது இங்கேதான், அதுவும் யாருக்கும் தெரியாமல். இரண்டு சோதனை, இரண்டுக்கும் 90ஆவது பர்சன்டைல் (100 பேரில் 90 பேரை முந்தும் இடம்) கட்-ஆஃப், இரண்டுக்கும் இடையே 0.6 அளவு தொடர்பு (ஒன்றில் மேலே வருபவர் மற்றதிலும் மேலே வரும் போக்கு; 1 என்றால் முழுப் பொருத்தம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தாண்டவேண்டும் என்றால் 1,000 பேரில் சுமார் 40 பேர் தேறுவார்கள். ஏதாவது ஒன்றில் தாண்டினால் போதும் என்றால் சுமார் 160. சராசரி அந்த அளவைத் தொடவேண்டும் என்றால் சுமார் 75. "இரண்டிலும்" என்ற விதி கண்டிப்பானது போலத் தெரியும்; உண்மையில் ஒரு நாள் காய்ச்சலில் எழுதிய பிள்ளையை அது வெளியே தள்ளுகிறது. பொதுவான வகுப்புக்குச் சராசரி விதி நல்லது. பாடவாரி வகுப்புக்கு அந்தந்தப் பாடத்தில் தாண்டினால் போதும். சராசரி எடுக்கும்போது பர்சன்டைல்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. தரப்படுத்திய மதிப்பெண்களை (இரண்டு சோதனையையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றியவை) சராசரி எடுத்து, மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

நம்பகத்தன்மை 0.90, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 15 உள்ள சோதனையில் அளவீட்டுப் பிழை சுமார் 4.7 புள்ளி. கட்-ஆஃப் 130 என்றால் 126 எடுத்தவரையும் 131 எடுத்தவரையும் அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. 125 முதல் 129 வரை எடுத்தவர்கள் மறுசோதனைக்கு உரியவர்கள் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பெற்றோர் கேட்டால்தான் மறுசோதனை என்றால், கேட்கத் தெரிந்தவருக்கே அதுவும் போகும். இதே காரணத்தால், பெற்றோர் பணம் கொடுத்து வாங்கிவரும் தனியார் சான்றிதழை வைத்து இடம் தராதீர்கள். அது மறுசோதனைக்கான கோரிக்கையாக மட்டும் இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை தர்க்கத்தில் மிகக் கூர்மையாக இருக்கலாம். மொத்த மதிப்பெண் இரண்டையும் கலந்து சாதாரணமாகக் காட்டும். இவர்களுக்குப் பகுதிவாரி மதிப்பெண்ணைப் பாருங்கள்.

ஒப்பீடு யாரோடு என்பதும் முக்கியம். ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பள்ளியின் மேல்நிலை 8 முதல் 10 சதவீதத்தை எடுப்பதே நாங்கள் பரிந்துரைக்கும் வழி. சாதாரண வகுப்பில் சவால் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதானே கேள்வி? அதற்கு விடை பக்கத்து இருக்கைகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பின்தங்கிய பள்ளியிலிருந்து வருபவருக்கு முதல் பருவத்தில் வாரம் 2 மணி நேரத் துணைப்பாடத்துக்கும் நிதி ஒதுக்குங்கள். சேர்த்துவிட்டுத் தனியே விட்டால் பாதியில் விலகிவிடுவார்கள்.

நிதிச் சூத்திரம்

கண்டறியப்பட்ட தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தால், ஏற்கெனவே சோதனை நடத்த வசதியுள்ள பள்ளிகளே நிதியை அள்ளும். பட்டியலை வீங்கவைக்கும் ஆசையும் வரும். விண்ணப்பித்தவருக்கு மானியம் என்றால், விண்ணப்பம் எழுத ஆள் உள்ள பள்ளிக்குத்தான் போகும். பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கொடுப்பது பாதுகாப்பானது. அதோடு ஏழை மாணவர் விகிதத்துக்கு ஒரு கூடுதல் பங்கு. கண்டறிதல் செலவைத் தனித் தலைப்பில் பூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் முதல் வெட்டு அதன்மேல்தான் விழும்.

ஆண்டுதோறும் ஒரு கணக்குப் பாருங்கள்: சிறப்பு வகுப்பில் ஒரு பிரிவினரின் பங்கை, பள்ளியில் அவர்களின் பங்கால் வகுங்கள். பள்ளியில் 40%, வகுப்பில் 16% என்றால் 0.4. இதை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே போடுங்கள்: சோதனை எழுதியவர், முதல் கட்டம் தாண்டியவர், தேர்வானவர், சேர்ந்தவர், ஓராண்டு முடித்தவர். எந்தப் படியில் எண் சரிகிறதோ அங்கே பழுது.

தேர்வானவர் பட்டியலும் சேர்ந்தவர் பட்டியலும் விலகிப்போனால் முதலில் கடிதத்தைச் சந்தேகியுங்கள். வீட்டில் பேசும் மொழியில், ஒரே பக்கத்தில், வகுப்பு நேரம், போக்குவரத்து, கட்டணம் இல்லை என்ற உறுதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்பவர் மட்டும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பட்டும். பதில் வராத வீட்டுக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசும்வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.