96 குழி பிளேட்டில் நியூரான் வளர்க்கும் முறை

ஹீலா செல்லை (ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல் வகை) எந்த வளர்ப்பு பிளேட்டில் போட்டாலும் வளர்ந்துவிடும். நியூரான், அதாவது நரம்பு செல், தொட்டாற்சிணுங்கி ரகம். திசு வளர்ப்புக்கென்றே பதப்படுத்திய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பிளேட் ஆனாலும் மேலே பூச்சு இல்லாவிட்டால் சரியாக ஒட்டாது. ஃப்ளோரசென்ஸ் (செல்லை ஒளிரவைத்து எடுக்கும்) படம் எடுப்பதாக இருந்தால் கறுப்புச் சுவரும் தெளிவான அடியும் உள்ள பிளேட்டை எடுங்கள், ஒரு குழியின் ஒளி அடுத்ததில் அவ்வளவாகக் கசியாது.

பூச்சுக்கு நான் பாலி-டி-லைசினைப் பயன்படுத்துகிறேன். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் செறிவில், குழிக்கு 50 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து, அப்புறம் கிருமி நீக்கிய நீரால் 3 முறை கழுவுங்கள். கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. ஒட்டாமல் மிஞ்சும் பாலி-டி-லைசின் செல்லைக் கொன்றுவிடும். மறுநாள் செல்கள் கிளை விடாமல் உருண்டு கிடந்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

கழுவிய பிளேட்டைக் காயவைக்கலாம். ஆனால் அதன்மேல் லாமினின் (செல்கள் பற்றிக்கொள்ள உதவும் புரதம்) போட்டால் அது காயவே கூடாது. செல் கரைசல் தயாரான பிறகு லாமினினை உறிஞ்சிவிட்டு உடனே ஊற்றுங்கள். உறைந்த லாமினினை 4 டிகிரியில் மெல்ல உருகவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் கெட்டித்து ஜெல்லாகிவிடும்.

ஓரத்து 36 குழிகளில் செல் போடுவதில்லை. அங்கேதான் நீர் முதலில் ஆவியாகி உப்புச்செறிவு ஏறும். அவற்றில் 200 மைக்ரோலிட்டர் கிருமி நீக்கிய நீரை நிரப்பிவிடுங்கள். வீணாகிறதே என்று தோன்றும்தான். உள்ளே இருக்கும் 60 குழிகளும் ஒரே மாதிரி வருவது அதைவிட முக்கியம்.

குழிக்கு 100 மைக்ரோலிட்டர் செல் கரைசல் போதும். செல்கள் கீழே படிந்துகொண்டே இருக்கும் என்பதால் சில வரிசைகளுக்கு ஒருமுறை கலக்கிக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் பிளேட்டை வட்டமாகச் சுழற்றவே சுழற்றாதீர்கள், செல்களெல்லாம் நடுவில் குவிந்துவிடும். முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் லேசாக நகர்த்தினால் போதும். சமதளத்தில் 15 நிமிடம் அறை வெப்பத்தில் விட்டபின் இன்குபேட்டருக்குள் வையுங்கள். ஆறிய பிளேட்டை நேராகச் சூட்டில் வைத்தால் மீடியத்துக்குள் (செல்கள் வளரும் ஊட்டத் திரவத்துக்குள்) எழும் ஓட்டம் செல்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

மீடியம் மாற்றும்போது பாதியை மட்டும் மாற்றுங்கள். செல்கள் தாமே சுரந்து வைத்த நல்ல பொருட்களில் பாதியாவது மிஞ்சும். வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டாம், பைப்பெட்தான். டிப் குழியின் சுவரைத் தொடட்டும், அடியைத் தொடக்கூடாது. ஒரு வரிசையில் எடுத்ததும் அதிலேயே வெதுவெதுப்பான புது மீடியத்தை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.

மைக்ரோஸ்கோப்பில் அடிக்கடி எட்டிப்பார்க்க ஆசை வரும். வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீடியத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மீடியம் காரமாவதை நிறத்தால் காட்டும் சாயமான ஃபீனால் ரெட் ரோஸ் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கினால் படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பிளேட்டை உள்ளே வைத்துவிடுங்கள்.