பாண்டாஸில் இண்டெக்ஸின் பெயரை மாற்றுவது

பாண்டாஸ் என்பது அட்டவணைகளைக் கையாள உதவும் பைதான் நிரல் தொகுப்பு. அதில் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள அடையாளப் பெயர்களின் பட்டியல்தான் இண்டெக்ஸ். என்னிடம் உள்ள பழைய மழை அளவு அட்டவணையில் மாவட்டங்கள்தான் இண்டெக்ஸ். அந்த இண்டெக்ஸுக்குத் தலைப்பு வைப்பது சுலபம்: அதன் நேம் பண்புக்கு ‘மாவட்டம்’ என்று கொடுத்தால் போதும். தமிழிலேயே எழுதலாம், பைதான் முகம் சுளிக்காது.

வரிசைகளின் பெயரை மாற்றுவது வேறு வேலை. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது, இல்லையா? ரீநேம் கட்டளையில், இண்டெக்ஸ் என்ற இடத்தில், ‘மெட்ராஸ்’ என்பதற்கு ‘சென்னை’ என்று ஒரு டிக்ஷனரி, அதாவது பழைய பெயரும் புதிய பெயரும் கொண்ட ஜோடி, கொடுங்கள். வரும் விடையை மறுபடி ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய பெயரே நிற்கும். நீங்கள் கொடுத்த பழைய பெயர் அட்டவணையில் இல்லையென்றாலும் பாண்டாஸ் வாயே திறக்காது. அதே ரீநேம் கட்டளையில் எரர்ஸ் என்பதற்கு ‘ரெய்ஸ்’ கொடுத்தால்தான் பிழை என்று கத்தும்.

அப்புறம், தென் ஆற்காட்டை இப்படி மாற்றிவிடாதீர்கள். அது 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்த மாவட்டம். எண்களையும் பிரிக்க வேண்டியிருக்கும்.