பகலில் ஆளில்லாத வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பது எப்படி

காலை எட்டே காலுக்கு வீட்டைப் பூட்டினால் நான் திரும்பி வர மாலை ஆறரை ஆகிவிடும். குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி. மகன் கோவைக்குப் படிக்கப் போனபிறகு வீடு வெறிச்சென்று இருந்ததால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பச்சை நிறத்தில் ஒரு லவ் பேர்டை வாங்கி வந்தேன். மிட்டு என்று பெயர் வைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கிளம்பினதுலேருந்து அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. கேக்கவே கஷ்டமா இருக்குக்கா."

மறுநாள் பழைய செல்போன் ஒன்றைக் கூண்டுக்கு எதிரே வைத்து வீடியோவை ஓடவிட்டுக் கிளம்பினேன். இரவு உட்கார்ந்து பார்த்தேன். பூட்டுச் சத்தம் கேட்டதும் மிட்டு வாசல் பக்கக் கம்பியில் தொற்றிக்கொண்டது. ஒரு தரம் கூப்பிடும். தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். மறுபடி கூப்பிடும். ஐம்பது நிமிடம் இப்படியே. அப்புறம் கூண்டில் நான் மாட்டிவைத்திருந்த சின்னக் கண்ணாடியிடம் போய், தின்ற தினையைக் கக்கி எடுத்து அதற்கு ஊட்டியது. தினை வழிந்து கீழே விழுந்தது. மறுபடி ஊட்டியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் மாற்றிய விஷயங்களை எழுதுகிறேன்.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற கிளி இனம். 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டில் எளிதாகக் குஞ்சு பொரித்ததால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுடையது, கடைக்காரர்கள் 'ஆப்பிரிக்கன்' என்பார்கள். கொண்டை வைத்த காக்டெயிலும் ஆஸ்திரேலியாதான். மூன்றும் கூட்டத்தில் வாழப் பிறந்தவை. கூட்டத்தில் ஒன்று குரல் கொடுத்தால் இன்னொன்று பதில் தரும். பதில் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் எங்கோ ஆபத்து. மிட்டு ஐம்பது நிமிடம் கேட்டது அந்தப் பதிலைத்தான்.

முதலில் துணை

பகலில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் ஆள் இருக்காது என்றால் ஒற்றைப் பறவை வாங்காதீர்கள். விளையாட்டுச் சாமான், ரேடியோ, பெரிய கூண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு வாங்கினால் நம்மிடம் ஒட்டாது என்று கடையில் பயமுறுத்துவார்கள். முதல் பறவை கையில் ஏறப் பழகியபிறகு இரண்டாவது வந்தால், இரண்டாவது முதலாவதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கொஞ்சம் ஒட்டுதல் குறைந்தாலும் பரவாயில்லை. நான் இல்லாத பத்து மணி நேரமும் அதன் வாழ்க்கைதானே.

குஞ்சு வேண்டாம், துணை மட்டும் போதும் என்றால் இரண்டு ஆண் பட்ஜிகள் நல்ல ஜோடி. இரண்டு பெண்களை அடைத்தால் சண்டை கடுமையாக வர வாய்ப்பு அதிகம். அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கும் மெழுகு போன்ற இடத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சாக இருக்கும்போது ஆணுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு, பெண்ணுக்குத் துளையைச் சுற்றி வெளிறிய வளையம். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் வளர்ந்த ஆணுக்கும் நீலம் வராது, அதனால் ஏமாறாதீர்கள். நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் நான்கு மாதத்துக்குள் உள்ள குஞ்சு.

பட்ஜியோடு ஆப்பிரிக்கனை ஒரே கூண்டில் போடவே கூடாது. அது கடித்தால் பட்ஜியின் கால் விரலே போய்விடும். இன்னொன்று, நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது குஞ்சு கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதுப் பறவையை நேராகக் கூண்டில் விடாதீர்கள். ஒரு மாதம் வேறு அறையில், வேறு கூண்டில் இருக்கட்டும். சந்தைக் கூண்டில் நெருக்கியடித்து இருந்த பறவை நோயோடு வரலாம். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு. புதிதுக்கு வைத்த கிண்ணத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த ஒரு மாதமும் வீண் இல்லை. எங்கள் நீலன் படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்த முதல் நாளே கூடத்திலிருந்த மிட்டு சிலிர்த்து நிமிர்ந்து பதில் சொன்னது. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே முப்பது நாள் பேசிக்கொண்டார்கள். பிறகு கூண்டுகளைப் பக்கத்தில் வைத்து, ஒரு வாரம் கழித்துச் சேர்த்தேன். கண்ணாடியை அன்றே கழற்றினேன்.

கூண்டும் இடமும்

சந்தையில் பறவையோடு சேர்த்துத் தரும் கூண்டு, வீட்டுக்குக் கொண்டுவரும் வரைக்கும்தான் ஆகும். இரண்டு பட்ஜிக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். உயரத்தைவிட நீளம் முக்கியம். இவை பக்கவாட்டில் பறக்கிறவை. அதனால்தான் உருண்டைக் கூண்டு வேண்டாம் என்கிறேன். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். வெல்டிங் கடையில் வலை வாங்கிச் செய்வதானால், துத்தநாகப் பூச்சு உள்ள வலையை வினிகர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். அந்தப் பூச்சை அலகால் சுரண்டித் தின்றால் விஷம். மேலே தூக்கித் திறக்கும் கதவுகளைக் கிளிகள் தாமாகவே திறந்துவிடும். துணி கிளிப் போடுங்கள்.

உட்காரும் குச்சி எல்லாமே ஒரே தடிமனில் வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் பாதத்தில் புண் வரும். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை போதும். கழுவி வெயிலில் காயவைத்து, மெல்லியதும் தடித்ததுமாக மாட்டுங்கள். பட்டையை உரித்துத் தள்ளுவதே அவற்றுக்கு அரை நாள் வேலை.

மண் பானை விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் கூண்டு என்றாலே பக்கவாட்டில் ஓட்டை போட்ட பானை தொங்கும். அது தூங்குவதற்கு என்று நினைக்கிறோம். பட்ஜி கிளையில் உட்கார்ந்தே தூங்கும். பானை என்றால் அதற்கு முட்டையிடும் பொந்து. ஆணும் பெண்ணும் இருக்கும் கூண்டில் பானையை விட்டுவைத்தால் பெண் பறவை ஓயாமல் முட்டையிட்டு உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எல்லாம் இழந்துவிடும். கடைசியில் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு, நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது தரையில் சுருண்டு கிடக்கும். குஞ்சு எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் பானையை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், தருவார்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. கழுவிக் காயவைத்துக் கம்பியில் கட்டினால் பறவையே சுரண்டித் தின்னும்.

கூண்டைப் பால்கனியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். காக்கை கம்பி வழியே கொத்தும், பூனை வரும், சித்திரை வெயில் கூண்டு மேலேயே ஏறும். கூடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, நம் கண் உயரத்தில் இருப்பது நல்லது. ஜன்னல் வெளிச்சம் வரட்டும், நேர் வெயில் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ஈரத் துண்டு ஒன்றைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டுப் போகிறேன். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்பு மருந்து கூண்டு பக்கமே வரக் கூடாது.

புகையும் அப்படித்தான். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாமே இவற்றின் நுரையீரலுக்கு அதிகம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூண்டை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைப்பேன். நான்ஸ்டிக் தவா காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இப்போது இரும்புத் தோசைக்கல்தான்.

கிளம்பும் முன்

ஐந்தே முக்காலுக்குக் கூண்டுத் துணியை எடுப்பேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களை அடைத்து, முக்கால் மணி நேரம் வெளியே விடுவேன். கொத்தமல்லிக் கட்டை நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு தட்டில் வைப்பேன். நீலன் முதலில் சுற்றிச் சுற்றி வரும். பிறகு மார்பை இலையில் தேய்த்து, புரண்டு, இறக்கையை அடித்துக்கொண்டு குளிக்கும். மிட்டு காம்பைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் காத்திருக்கும். பத்து நிமிடத்தில் இரண்டும் நனைந்த பஞ்சு மாதிரி சோபா முதுகில் உட்கார்ந்து இறகு கோதும். வெளியே பறந்து, குளித்து, வயிறு நிறைந்த பறவை நாம் கிளம்பும் நேரத்தில் அரைத் தூக்கத்துக்குப் போய்விடும்.

முளைகட்டிய பயறு, நறுக்கிய கேரட் எல்லாம் காலையிலேயே கொடுத்து, கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். முருங்கைக்கீரைக் கொத்தைக் கட்டிவிட்டுப் போகலாம், அது காயுமே தவிர ஊசாது. தினை மட்டும் போடுவது நாம் மூன்று வேளையும் வெறும் சோறு தின்பது போல. சாமை, குதிரைவாலி, கம்பு கலந்து போடுங்கள். தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தெரிந்தால் ஒரு தரம் ஊதிப் பாருங்கள். மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கும். கிண்ணம் நிறைய உமி இருக்கும்போதே பட்டினி கிடந்து செத்த பறவைகள் உண்டு. தண்ணீரை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்றில் எச்சம் விழுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

பகல் பொழுதுக்கு வேலை கொடுக்கக் கடைக்குப் போக வேண்டாம். பனை ஓலைக் கிலுகிலுப்பைக்குள் கொஞ்சம் தினையைப் போட்டுத் தொங்கவிட்டால் இரண்டு நாளில் நார் நாராகப் பிரித்து எடுத்துவிடும். பாதிக் கொட்டாங்கச்சி, காகிதக் கப், தினைக் கதிர் எல்லாம் மாற்றி மாற்றி வையுங்கள். நீளமான நூலும் துணிச் சுருக்கும் மட்டும் வேண்டாம், நகம் மாட்டும். ரேடியோவை மெல்ல வைத்துவிட்டுப் போகிறேன், திடீர் அமைதி அவற்றைக் கலவரப்படுத்துகிறது என்பதற்காக.

இரவு ஏழரை மணிக்குத் துணி போட்டுவிடுகிறேன். பத்து மணி நேரத் தூக்கமாவது வேண்டும். காக்டெயில் இருட்டில் மிரண்டு கூண்டெல்லாம் மோதும் பழக்கம் உள்ளது, அதற்கு ஒரு விடிவிளக்கு எரியட்டும்.

ஊருக்குப் போனால் ஒரு பகலுக்கு மேல் தனியே விடாதீர்கள். பொங்கலுக்கு நான்கு நாள் போனபோது கீழ்வீட்டுப் பெண்ணிடமே சாவியைக் கொடுத்தேன். உமியை ஊதுவது, தண்ணீர் மாற்றுவது, எச்சத்தின் நிறத்தைப் பார்ப்பது, மூன்றையும் தாளில் எழுதிக் கூண்டு மேல் ஒட்டினேன்.

ஞாயிறு காலை ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து நிறுப்பேன். பட்ஜி முப்பது முதல் நாற்பது கிராம் இருக்கும். நோயை இவை கடைசி வரை மறைத்துவைக்கும், எடை மட்டும் மறைக்காது. ஒரே வாரத்தில் மூன்று நான்கு கிராம் குறைந்தாலோ, இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நான் அரை நாள் விடுப்புப் போட்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவேன். கூண்டின் அடியில் விரித்த அன்றைய செய்தித்தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.