மைக்கேல் விட்மன்: டாங்கித் தளபதியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போரின் டாங்கிச் சண்டைகளைப் படிக்கத் தொடங்கினால், சீக்கிரமே மைக்கேல் விட்மன் என்ற பெயர் வந்துவிடும். தனி ஆளாக ஒரு பிரிட்டிஷ் படையையே நிறுத்தியவர் என்று சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படியே நம்பினேன். படிக்கப் படிக்கத்தான் அந்தக் கதையில் எவ்வளவு ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

முதலில், அவரை வெறுமனே 'ஜெர்மன் ராணுவ வீரர்' என்று எழுதுவது. 1914-இல் பவேரியாவில் பிறந்த விவசாயி மகன் அவர். 1934 முதல் 1936 வரை ராணுவத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அதன்பின் அவராகவே விரும்பிச் சேர்ந்தது எஸ்.எஸ். அமைப்பில். 1937-இல் ஹிட்லரின் பெயரையே தாங்கிய லைப்ஸ்டாண்டார்ட்டே பிரிவுக்குப் போனார். அது ராணுவத்தின் ஒரு கிளை அல்ல, நாஜிக் கட்சியின் ஆயுதப்படை. 1946-இல், போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் எஸ்.எஸ்.ஸைக் குற்ற அமைப்பு என்று அறிவித்தது. சரணடைந்த பிரிட்டிஷ் கைதிகளை 1940-இல் பிரான்சின் வோர்முட் ஊரில் சுட்டுக்கொன்றது இதே லைப்ஸ்டாண்டார்ட்டேதான். அந்தக் கொலையில் விட்மனுக்குப் பங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எந்தச் சீருடை போட்டிருந்தார் என்பதை மறைத்துவிட்டு அவர் வீரத்தை மட்டும் பேசுவது நேர்மையில்லை.

அவருக்குப் பலர் சூட்டும் 'கருப்புப் பிரபு' என்ற பட்டப்பெயரையும் விட்டுவிடலாம். அவர் பிரபுவும் இல்லை, போர்க்காலத்தில் அவரை அப்படி அழைத்ததும் இல்லை. இன்னொன்று, 1941-இல் ரஷ்யாவில் அவர் ஓட்டிச் சென்றதை டாங்கி என்று எழுதுவது. அது ஸ்டூக் என்ற தாக்குதல் பீரங்கி வண்டி. அதற்குச் சுழலும் கோபுரம் கிடையாது, குழலைத் திருப்ப வண்டியையே திருப்ப வேண்டும். டைகர் என்ற கனரக டாங்கிக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் வில்லேர்ஸ்-போகாஜ். 1944 ஜூன் 13 காலையில், பிரான்சில் நார்மண்டியின் அந்தச் சிறு ஊருக்குள் பிரிட்டிஷ் 7-ஆம் கவசப்படையின் முன்னணி நுழைந்து, 213 என்ற மேடு வரை போய்விட்டது. பின்னால் வந்த காலாட்படை வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. முன்னே என்ன இருக்கிறது என்று ஒழுங்காக வேவு பார்க்கவில்லை. பக்கத்தில் மறைந்திருந்த விட்மன் ஒரே டைகருடன் சாலைக்கு வந்து, வரிசையை அடித்துக்கொண்டே ஊருக்குள் போனார். சுமார் 15 நிமிடத்தில் 13 அல்லது 14 டாங்கிகள், 2 டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வண்டிகள் போயின. இதுவரை உண்மை.

ஆனால் அந்த டாங்கிகள் எவை என்று யாரும் சொல்வதில்லை. சில, ஸ்டுவர்ட் என்ற இலகு வேவு டாங்கிகள். பீரங்கிப் படையின் கண்காணிப்பு டாங்கிகளும் அதில் உண்டு. அவற்றில் ஒன்றில் இருந்தது மரத்தால் செய்த போலிக் குழல். கதையின் மீதியையும் விழுங்கிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் அடி பட்டு விட்மனின் டைகர் நின்றது. அவரும் குழுவும் அதை விட்டுவிட்டு நடந்தே தப்பினார்கள். பிற்பகலில் காலாட்படைத் துணையில்லாமல் தெருக்களுக்குள் வந்த மற்ற டைகர்களை பிரிட்டிஷார் பதுங்கியிருந்து அடித்தார்கள். அன்றைய சேதம் அத்தனையையும் ஜெர்மன் பிரச்சாரம் ஒருவர் கணக்கில் எழுதியது. அவரை வானொலியிலும் பேசவைத்தது.

எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வதும் பெரிய தவறு. அவர் அழித்த டாங்கிகள் 130-க்கும் மேல் என்பார்கள். டாங்கியில் சுடுபவர் தளபதி இல்லை. விட்மனுக்காக நீண்டகாலம் குறிபார்த்துச் சுட்டவர் பல்தாசர் வோல், அவருக்குத் தனியாக நைட் கிராஸ் என்ற உயர் வீர விருதே கிடைத்தது. ஒரே டாங்கியை இரண்டு பேர் அடித்தால் இருவரும் எண்ணிக்கொள்வார்கள். அடிபட்டதை எதிரி இரவில் இழுத்துப் போய்ச் சரிசெய்து திரும்பக் கொண்டுவருவான். கிழக்குப் போர்முனையிலிருந்து வந்த கணக்குகளை ஜெர்மன் உளவுப் பிரிவே பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டது. அவர்களே நம்பாததை நாம் ஏன் நம்ப வேண்டும்?

கடைசியாக அவர் மரணம். விமான ராக்கெட்தான் கொன்றது என்ற கதை வெகுநாள் ஓடியது. டாங்கிச் சண்டையில் அவரை யாரும் வெல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள அது வசதி. 1944 ஆகஸ்ட் 8 நண்பகலில், கான்-ஃபலேஸ் சாலையோரத் திறந்த வயல்களில் ஏழு டைகர்கள் முன்னேறின, விட்மன் 007 எண் வண்டியில். வலப்பக்கம், செயின்ட்-ஏன்யான் அருகே பழத்தோட்டத்தில், ஷெர்மன் ஃபயர்ஃப்ளை என்ற டாங்கி ஒன்றில் பிரிட்டிஷ் வீரர் ஜோ எகின்ஸ் குறிபார்த்துக்கொண்டிருந்தார். போருக்கு முன் காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் சில நிமிடங்களில் மூன்று டைகர்களை அடித்தார். மறுபுறம், இன்னும் நெருக்கமாக, கோமெனில் என்ற ஊர்ப் பக்கம் கனடியப் படையின் ஷெர்மன் டாங்கிகளும் இருந்தன. 007-ஐ அடித்தது யார் என்று இந்த இரு தரப்புக்கும் இடையேதான் இன்றும் வாதம். இதில் ஒன்றை மட்டும் முடிந்த உண்மையாக எழுதிவிடாதீர்கள்.

எலும்புகள் 1983-இல்தான் கிடைத்தன. லா காம்ப் ஜெர்மன் போர்க் கல்லறையில் விட்மனையும் அவருடன் அதே டாங்கியில் இறந்தவர்களையும் சேர்த்தே புதைத்தார்கள்.